பட்டியலில் வெட்டப்பட்ட ஒரு பெண்

வணக்கம் நேயர்களே. ரஷ்ய நாவலாசிரியர் நிகொலாய் கோகோலைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். 1809இல் பிறந்து 1852இல் மறைந்தவர். அவர் எழுத்தின் மீது எனக்கு இருக்கும் பிரியம் பழையது. ஆனால் அவரை எனக்கு முழுதாகக் காட்டியவர்கள் இலங்கையின் தேயிலை மலைகளில் இருக்கும் எங்கள் ஹட்டன் பகுதி வாசகர்கள்தான். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நாங்கள் கூடுவோம். சில ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற ஒரு கணக்கப்பிள்ளை, கொழும்புக் கடைகளில் வேலை பார்த்துவிட்டு விடுமுறையில் வரும் பையன்கள், கொழுந்தெடுக்கும் பெண்கள் சிலர். எல்லோர் கையிலும் புத்தகம் இருக்காது. ஆங்கிலத்தில் இருப்பதை நான் பார்த்து, தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். கோகோலுக்கு இதுதான் சரியான முறை. 'இறந்த ஆன்மாக்கள்' நாவலின் முதல் அத்தியாயங்களைக் கவிஞர் புஷ்கினுக்கு அவரே வாய்விட்டுப் படித்துக் காட்டினார். சிரிக்கப் பிரியப்படும் புஷ்கினின் முகம் கேட்கக் கேட்க இருண்டது. முடிந்ததும், "கடவுளே, நம் ரஷ்யா எவ்வளவு சோகமானது!" என்றாராம்.

1842இல் வெளிவந்த நாவல் அது. கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தக் காலத்து ரஷ்யாவில் பண்ணையடிமைகளைத் தலை எண்ணி அரசாங்கம் வரி வாங்கியது. ஒரு கணக்கெடுப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒருவன் செத்துப்போனாலும் ஏட்டில் அவன் உயிரோடுதான் இருப்பான். அவனுக்கும் பண்ணையார் வரி கட்ட வேண்டும். சிச்சிகோவ் என்பவன் ஒரு சிறு நகரத்துக்கு வந்து, ஒவ்வொரு பண்ணையாக ஏறி இறங்கி, செத்தவர்களை விலைக்குக் கேட்கிறான். ஏட்டில் உயிரோடு இருப்பவர்களை அடகு வைத்துக் கடன் வாங்குவது அவன் திட்டம்.

செத்தவர்களை விலைக்குக் கேட்கிறான், நேயர்களே. நம் ஊரில் இதை ஒரு தடவைக்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. தோட்டத்து ஆள் பதிவேடான செக்ரோலில் பெயர் இருப்பது என்றால் என்ன, இல்லாமல் போவது என்றால் என்ன என்று தொழிலாளர் குடியிருப்பான லயத்துக் குழந்தைக்கும் தெரியும்.

கரோபச்கா என்ற விதவையிடம் அவன் கேட்கிறான். அவளுக்குச் செத்தவர்களை விற்பதில் தயக்கம் இல்லை. சந்தை விலை தெரியாமல் மலிவாகக் கொடுத்துவிடுவோமோ என்பதுதான் அவள் பயம். அந்த இடத்தில் எங்கள் அறை சிரித்து முடிக்கவே நேரம் பிடித்தது. இன்னொரு பண்ணையார் சொபகேவிச். தலைக்கு நூறு ரூபிள் கேட்கிறார். சிச்சிகோவ் எண்பது கொப்பெக் என்கிறான். நூறு கொப்பெக் சேர்ந்தால்தான் ஒரு ரூபிள். சொபகேவிச் சளைக்காமல், செத்துப்போன தச்சன் எப்பேர்ப்பட்ட வேலைக்காரன், செருப்புத் தைப்பவன் எவ்வளவு கெட்டிக்காரன் என்று புகழ்ந்துகொண்டே பேரம் பேசி, கடைசியில் இரண்டரை ரூபிளுக்கு இறங்கி வருகிறார். கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் அப்போது சொன்னார்: "நாள் முழுக்க மலையில் நின்றாலும், நிறை குறைந்தால் எனக்கு அரைப்பேர்தான், அரைநாள் கூலிதான். செத்தவனுக்கு இத்தனை பேரமா, சேர்?"

இனி நான் சொல்வதுதான் முக்கியமான இடம். சொபகேவிச் கொடுத்த பட்டியலைச் சிச்சிகோவ் பிறகு நிதானமாகப் பார்க்கிறான். அதில் எலிசவெத்தா வொரொபேய் என்று ஒரு பெண்! வரிக்கு ஆண்களை மட்டும்தான் எண்ணினார்கள். பெண்ணுக்கு அந்தக் கணக்கில் மதிப்பே இல்லை. அதனால் ஆண் பெயர்போலத் தோன்றும்படி கடைசி எழுத்தை மாற்றி அவளைச் சேர்த்திருக்கிறார் சொபகேவிச். சிச்சிகோவ் அவரைத் திட்டிவிட்டு, அவள் பெயரை அந்த இடத்திலேயே வெட்டிவிடுகிறான்.

படித்தவர்கள் பலர் இதைச் சின்ன வேடிக்கையாகக் கடந்துபோவார்கள். நானும் கடந்து போகப் பார்த்தேன். அந்த அக்கா விடவில்லை. "அவள் யார், சேர்? என்ன வேலை செய்தாள்?"

இதற்குக் கோகோலிடம் பதில் இல்லை. அதே பட்டியலில் இருக்கும் ஆண்களுக்கு அவர் வாழ்க்கையையே கொடுக்கிறார். ஸ்தெப்பான் புரோப்கா என்ற தச்சன் தேவாலயத்தின் உச்சியில் ஏறி விழுந்து செத்திருப்பான் என்று சிச்சிகோவ் நினைத்துப் பார்க்கிறான். பக்கத்தில் நின்ற மிகேய் மாமா தலையைச் சொறிந்து, "அடடா, உனக்கா இப்படி வந்தது!" என்று சொல்லிவிட்டு, கயிற்றைக் கட்டிக்கொண்டு அவன் இடத்துக்கு ஏறிப் போவார். ஒரே வரிதான். ஒருவர் விழுந்தால் மறுநாள் அந்த நிரையில் இன்னொருவர் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒரு வரி போதும். பட்டியலை வைத்து வியாபாரம் செய்கிறவர்களைக் கோகோல் விடாமல் கேலி செய்கிறார். பட்டியலில் கிடக்கிறவர்களிடம் வந்ததும் அவர் குரல் தணிந்துவிடுகிறது. அவரை நான் நேசிப்பது இதற்காகத்தான்.

ஆனால் எலிசவெத்தாவுக்கு அந்த ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. அன்று எங்கள் அறையில் அதை நாங்களே எழுதினோம். அவள் ஆளிச் செடி விதைத்திருப்பாள் என்றார் ஒருவர். பிரசவம் பார்க்கிறவளாக இருந்திருப்பாள் என்றார் இன்னொருவர். கணக்கப்பிள்ளை ஐயா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, பழைய நாட்களில் மனைவியின் சம்பளத்தைக் கணவன் கையில் எண்ணிக் கொடுத்ததைச் சொன்னார். நம் தோட்டங்களில் 1984 வரை பெண்ணின் நாட்கூலி ஆணின் கூலியைவிடக் குறைவு. அதைச் சொன்னபோது பையன்களில் சிலர் நம்பவில்லை. அவர்களுடைய பாட்டிமார் வாங்கிய கூலி அது.

பேச்சு அங்கிருந்து 1964க்குப் போனது. இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், நாடற்றிருந்த எங்கள் மலையகத் தமிழர் 975,000 பேரை இரண்டு அரசுகளும் பங்கு போட்டன: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதாக விட்டார்கள். அந்தப் பட்டியல்களில் தன் சித்தி ஒரு பக்கமும் தாய் இன்னொரு பக்கமும் போனதை ஒருவர் சொன்னார். அன்று அதற்குமேல் நாவலைப் படிக்கவில்லை.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். 'மேல்கோட்டு' கதையைப் பற்றிப் பேசத்தான் இன்னும் நிறைய வைத்திருந்தேன். பிரதி எடுக்கும் ஓர் ஏழை எழுத்தர், வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசில் தைத்த கோட்டைப் பறிகொடுக்கிறார். கோகோலைத் தொடங்குகிறவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். ஒரே இருப்பில் முடித்துவிடலாம். வீட்டில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேளுங்கள். அடுத்த கூட்டத்தில் நாங்களும் அதைத்தான் எடுக்கிறோம். வணக்கம்.