சென்னை வெயிலில் மைனஸ் 40 டிகிரி! பழைய மாருதி 800-இல் எந்தச் சென்சார் பொய் சொல்கிறது?

[திரையில்: காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரின் சிறிய திரை. கூலண்ட் வெப்பநிலை: −40]

வணக்கம். இந்த எண்ணைச் சற்று உற்றுப் பாருங்கள். மே மாதம், நண்பகல், சென்னை. பானெட்டின் மேல் கை வைத்தால் தோல் உரிந்துவிடும்போல் இருக்கிறது. ஆனால் என் 2003 மாருதி 800-இன் கணினியோ, என்ஜின் மைனஸ் 40 டிகிரியில் உறைந்து கிடப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், டேஷ்போர்டில் உள்ள வெப்பநிலை முள் எந்தக் கவலையும் இல்லாமல் நடுவிலேயே நிற்கிறது. ஒரே என்ஜின், அதைக் குளிர்விக்கும் ஒரே கூலண்ட் திரவம், இரண்டு பதில்கள். இது எப்படி நடக்கிறது என்பது புரிந்துவிட்டால், தவறான சென்சாரை வாங்கிப் பணத்தை வீணாக்க மாட்டீர்கள். நான் வீணாக்கியிருக்கிறேன், அந்தக் கதையும் வருகிறது.

வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்பட்ட இந்த 796 சிசி, மூன்று சிலிண்டர் கார் தன் வாழ்வின் முதல் பாதியைக் கார்புரேட்டரோடும் பிற்பகுதியை எம்பிஎஃப்ஐ என்னும் எரிபொருள் பீய்ச்சும் முறையோடும் கழித்தது. கார்புரேட்டருக்குக் கணினி தேவையில்லை. எம்பிஎஃப்ஐ வந்ததும் ஈசியூ எனப்படும் கணினி வந்தது. என்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று அதற்குச் சொல்ல ஒரு தனிச் சென்சாரும் வந்தது. குழப்பம் தொடங்கியது அங்கேதான்.

இந்தக் காலத்துப் பழைய கார்களில் 'டெம்பரேச்சர் சென்சார்' என்று ஒரே பெயரில் அழைக்கப்படும் பொருள்கள் மூன்று வரை இருக்கலாம். முதலாவது, முள்ளுக்குத் தகவல் தருவது. இதற்குப் பெரும்பாலும் ஒரே ஒரு வயர்தான் இருக்கும். மின்சாரம் திரும்பிச் செல்லும் வழி அதன் பித்தளை மரை வழியாக என்ஜின் உடலுக்குள் போய்விடுகிறது. இரண்டாவது, ஈசியூவுக்குத் தகவல் தருவது. அதற்கு இரண்டு வயர்கள். மூன்றாவது, ரேடியேட்டர் ஃபேனை இயக்கும் தெர்மோ சுவிட்ச். அது எதையும் அளப்பதில்லை. குறிப்பிட்ட சூட்டில் ஆன் ஆகும், சற்றுக் குளிர்ந்ததும் ஆஃப் ஆகும், அவ்வளவுதான். எல்லா வண்டியிலும் மூன்றும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சிலவற்றில் ஈசியூவே ஃபேனை இயக்கும். புதிய கார்களில் முள்ளையும் ஈசியூவே நகர்த்தும்.

இடத்தைக் கண்டுபிடிக்க, ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துக்கொண்டு என்ஜின் பக்கம் போங்கள். அது முடியும் இடத்தில், கூலண்டின் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் இருக்கும் உலோகக் கூடு தெரியும். அதைச் சுற்றியும், அதை ஒட்டி, என்ஜினுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டிலும் பித்தளைத் தலைகளைத் தேடி, ஒவ்வொன்றின் வயர்களையும் எண்ணுங்கள்.

இனி என் கதை. காலையில் ஸ்டார்ட் செய்தால் கரும்புகை, சூடான பிறகும் பெட்ரோல் வாடை, மைலேஜில் கண்கூடான சரிவு. ஒரு ஒர்க்ஷாப்பில் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார்கள், இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்தார்கள்; ஒன்றும் ஆகவில்லை. நான்தான் எங்கோ படித்துவிட்டு, "டெம்பரேச்சர் சென்சாராக இருக்குமோ?" என்று கேட்டேன். உடனே ஒன்றை மாற்றித் தந்தார்கள். மாற்றியது ஒற்றை வயர்ச் சென்சார், அதாவது முள்ளுக்கு உரியது! முள் ஏற்கெனவே ஒழுங்காகத்தான் வேலை செய்தது. வயிற்று வலிக்குக் கண்ணாடி போட்டுவிட்ட கதைதான். ஆனால் பெயரை மட்டும் சொல்லிக் கேட்ட தவறு என்னுடையது.

ஈசியூவின் சென்சாருக்குள் இருப்பது ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். சாதாரணச் செம்புக் கம்பியில் நடப்பதற்கு இது நேர்மாறு. வெள்ளி சல்ஃபைடில் இந்த விசித்திரத்தை மைக்கேல் ஃபாரடே 1833-லேயே கவனித்து எழுதியிருக்கிறார். ஈசியூ 5 வோல்ட்டைத் தன்னுள் இருக்கும் ஒரு மின்தடை வழியாக இந்தச் சென்சாருக்கு அனுப்பி, எவ்வளவு வோல்ட் மிஞ்சுகிறது என்று பார்த்து வெப்பநிலையைக் கணக்கிடுகிறது.

இப்போது அந்த மைனஸ் 40-க்கு வருகிறேன், ஏனென்றால் இந்த வீடியோவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தொடக்கத்தில் நீங்கள் பார்த்ததை நான் வேண்டுமென்றே செய்தேன்: சென்சாரின் கனெக்டரைக் கழற்றிவிட்டேன். வயர் துண்டானால் மின்தடை எல்லையற்றது. எல்லையற்ற மின்தடை என்றால் ஈசியூவின் அகராதியில் எல்லையற்ற குளிர். சரி, அந்தக் குளிர் ஏன் சரியாக 40-இல் போய் நிற்க வேண்டும்? காரின் கணினி ஸ்கேனரோடு பேசுவதற்குப் பிற்காலத்தில் பொதுவாகிவிட்ட ஓபிடி 2 முறையில், கூலண்ட் வெப்பநிலையை 0 முதல் 255 வரையிலான ஒரே ஒரு எண்ணாக அனுப்பி, அதிலிருந்து 40-ஐக் கழித்துப் படிக்கிறார்கள். ஆகவே 0 வந்தால் மைனஸ் 40. 255 வந்தால் 215. அந்த முறையில் மைனஸ் 40-க்குக் கீழே சொல்வதற்கு எண்ணே கிடையாது. இன்னொரு அழகும் உண்டு: செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒன்றாகச் சந்திக்கும் ஒரே புள்ளி மைனஸ் 40 தான். ஸ்கேனர் எந்த அளவில் இருந்தாலும் அறுந்த வயர் ஒரே எண்ணைத்தான் காட்டும். மாறாக, கனெக்டரின் இரண்டு முனைகளையும் ஒரு வயரால் இணைத்தால், எண் நூற்றைத் தாண்டி உச்சிக்குப் போய்விடும். இரண்டும் இப்படி நடந்தால், வயரிங்கும் ஈசியூவும் நலம்; சந்தேகம் சென்சாரின் மேல் மட்டுமே. இந்த இடத்தில் ஒரு லைக் கேட்பது நியாயம் என்று நினைக்கிறேன்.

ஆனால் என் வண்டியின் சென்சார் முழுதாகச் சாகவில்லை. அது நம்பத்தகுந்த பொய்யைச் சொன்னது. அதனால்தான் செக் என்ஜின் விளக்கும் எரியவில்லை. இத்தகைய பொய்யைப் பிடிக்கச் சமையலறை போதும்.

[திரையில்: அடுப்பு, எவர்சில்வர் டம்ளர், மல்டிமீட்டர்]

மல்டிமீட்டரை ஓம் அளவுக்கு மாற்றி, சென்சாரின் இரண்டு பின்களில் வைத்து, அதன் பித்தளை நுனியை மட்டும் நீரில் நனையுங்கள். பின்கள் நனையக் கூடாது. பாத்திரத்தின் அடியில் இடிக்கவும் கூடாது. இவ்வகைச் சென்சார்களில் 20 டிகிரியில் ஏறத்தாழ இரண்டரை கிலோ ஓம், 40-இல் 1.15 கிலோ ஓம், 80-இல் 320 ஓம் அளவில் வர வேண்டும். கொதிநீரில் 200 ஓமுக்குச் சற்றுக் கீழே இறங்கும். என்னுடையது அறைச் சூட்டில் சரியான எண்ணைக் காட்டி நல்ல பிள்ளையாக நடித்தது. கொதிநீரிலோ 1.2 கிலோ ஓமுக்கு அருகிலேயே நின்றுவிட்டது. அதாவது என்ஜின் எவ்வளவு கொதித்தாலும் 40 டிகிரியைத் தாண்டவில்லை என்று ஈசியூவை நம்பவைத்தது. ஈசியூவும் பாவம், இன்னும் குளிராக இருக்கும் பிள்ளைக்குக் கூடுதலாகப் பெட்ரோலை ஊட்டிக்கொண்டே இருந்தது. ஊட்டியில் இருப்பவர்கள் ஒன்றைக் கணக்கில் கொள்ளுங்கள்: 2,240 மீட்டர் உயரத்தில் நீர் ஏறத்தாழ 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்; அதனால் உங்கள் எண் சற்றுக் கூடுதலாக வந்தால் சென்சாரைத் திட்ட வேண்டாம்.

இதன் எதிர்ப்பொய்யும் உண்டு. எப்போதும் சூடு என்று சொல்லும் சென்சார் இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகத் தேவையான கூடுதல் பெட்ரோல் கிடைக்காது. கொடைக்கானல் விடியற்காலையில் அது உடனே தெரிந்துவிடும். சென்னையில் மாதக்கணக்கில் தெரியாமலே போகலாம்.

ஒற்றை வயர்ச் சென்சாரைச் சோதிப்பது எளிது. இக்னிஷனை ஆன் செய்து, அதன் வயரைக் கழற்றினால் முள் குளிர்ப் பக்கம் விழ வேண்டும்; அந்த வயரை ஒரு கணம் மட்டும் என்ஜின் உலோகத்தில் தொட்டால் சூட்டுப் பக்கம் ஏற வேண்டும். ஏறினால் டேஷ்போர்டு மீட்டர் நலம்.

மாற்றுவதற்கு வருவோம். என்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் காத்திருக்கும்; ரேடியேட்டர் மூடியைத் திறந்த கணமே கொதித்து முகத்தில் அடிக்கும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். சென்சாரின் மட்டத்துக்குக் கீழே வரும்வரை கொஞ்சம் கூலண்டைச் சுத்தமான பாத்திரத்தில் வடித்துவிடுங்கள். கனெக்டரின் பூட்டு இருபது ஆண்டுச் சூட்டில் வெந்து அப்பளமாகியிருக்கும். சிறிய ஸ்க்ரூடிரைவரால் அதன் நாக்கை ஒரு மயிரிழை தூக்கி, பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுங்கள், ஒருபோதும் வயரைப் பிடித்து அல்ல. உள்ளே பின்களில் பச்சை பூத்திருந்தால் சுத்தம் செய்து மறுபடி அளந்து பாருங்கள். சில நேரம் குற்றவாளி அந்தப் பச்சைதான். ஸ்பானரை விட ஆழமான சாக்கெட் நல்லது, பித்தளைத் தலை எளிதில் மழுங்கும்.

புதியதைப் போடும்போது முதல் சுற்றுகளைக் கையாலேயே திருப்புங்கள். அலுமினிய மரையில் கோணலாக ஏறினால் சென்சாரோடு முடியாது, மேனிஃபோல்டுக்கும் செலவு. வாஷரோடு வந்தால் வாஷர் போதும். ஒற்றை வயர்ச் சென்சாரில் டெஃப்ளான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினால், மின்சாரம் திரும்பும் வழியே அடைபட்டு முள் தவறாகக் காட்டத் தொடங்கும். நல்லது செய்கிறோம் என்று நினைத்துக் கெடுக்கும் இடம் இது.

கடைசியாக, பலரும் விட்டுவிடும் வேலை: காற்றை வெளியேற்றுவது. கூலண்டை நிரப்பி, மூடியைத் திறந்தபடியே என்ஜினை ஓடவிட்டு, குமிழிகள் அடங்கும்வரை மட்டத்தைச் சரிசெய்யுங்கள். கொதிநிலையை நெருங்குமுன் மூடிவிடுங்கள். சென்சாரின் நுனி திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் அதற்கு உண்மை தெரியும். காற்றில் தொங்கினால் என்ஜின் எரிந்துகொண்டிருந்தாலும் குறைவாகவே காட்டும். ஓடும் வண்டியில் முள் ஏறி, திடீரென்று சரிந்தால், குளிர்ந்துவிட்டது என்று மகிழாதீர்கள். கூலண்ட் முழுவதும் கொட்டிவிட்டிருக்கலாம். அங்கேயே ஓரம் கட்டுங்கள்.

என் வண்டியில் ஃபேன் ஒருமுறை சுழன்று நிற்கும்வரை ஓடவிட்டேன். ஸ்கேனரில் எண் 30-இலிருந்து படிப்படியாக ஏறி 90-ஐ ஒட்டி நின்றது. கரும்புகை இல்லை. மறுநாள் காலை என்ஜின் ஆறியதும் மட்டத்தை மீண்டும் பார்த்து, அரை டம்ளர் கூலண்ட் சேர்த்தேன். பழைய சென்சார் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. உங்கள் சென்சாரையும் டம்ளரில் இறக்கிப் பார்த்தால், கொதிநீரில் என்ன எண் வந்தது என்பதை ஊர்ப்பெயரோடு கமென்டில் எழுதுங்கள். குன்னூர், ஏற்காடு எண்களைச் சென்னை எண்களோடு ஒப்பிட எனக்கு மிகுந்த ஆவலாக இருக்கிறது.