நாலு கம்பியையும் ஒன்றாகத் தளர்த்தாதீர்கள்

(சத்துவாச்சாரியில் ஓர் இசை வகுப்பின் ஆண்டு விழாவில் பேசியது. பேசியபடியே விட்டு, அங்கங்கே மட்டும் ஒழுங்கு செய்திருக்கிறேன்.)

மேடையில் இருக்கிற ஆசிரியர்களுக்கும், அழைப்பிதழை மடித்து விசிறிக்கொண்டிருக்கிற பெற்றோருக்கும், இவர் எப்போது முடிப்பார், டிபன் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கும் வணக்கம்.

என்னைக் கூப்பிட்டபோது எனக்கே சந்தேகம்தான். நான் வித்துவான் இல்லை. ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். ஒரு கச்சேரிகூடச் செய்ததில்லை. அதைச் சொன்னேன். "வாசிக்கிறவங்க நிறையப் பேர் கிடைக்கிறாங்க சார். நிறுத்திட்டு மறுபடி வந்தவங்கதான் கிடைக்கிறதில்லை" என்றார் உங்கள் ஆசிரியை. ஆக, ஓடிப்போய்த் திரும்பி வந்தவன் என்கிற தகுதியில்தான் இங்கே நிற்கிறேன்.

நம் வேலூரை வெளியூர்க்காரர்கள் கேலி செய்வது உங்களுக்குத் தெரியும். தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். பாலாறு பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கிறது. ராஜா இனி வரப்போவதில்லை. ஆனால் சாமி வந்துவிட்டார். கோட்டைக்குள் பல தலைமுறைகளாகப் பூஜை இல்லாமல் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981 மார்ச்சில் லிங்கத்தைக் கொண்டுபோய் வைத்தார்கள். அதற்கு முன்பு அந்த லிங்கம் இருந்தது இதே சத்துவாச்சாரியில்தான். சாமியே அவ்வளவு காலம் கழித்துத் தன் இடத்துக்குத் திரும்பின ஊரில், ஒரு கணக்குப்பிள்ளை இருபத்திரண்டு வருஷம் கழித்து வயலினை எடுத்தான் என்பதெல்லாம் ஒரு செய்தியே இல்லை.

விழா தொடங்கும் முன்னால் ஒரு பெண் குழந்தை என்னிடம் வந்து, "தாத்தா, நீங்க எந்தக் கிளாஸ்ல வயலினை விட்டீங்க?" என்று கேட்டாள். பத்தாம் வகுப்பில் என்றேன். "நான் இப்ப பத்தாவது போறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வீட்டில் எழுதி வைத்துக்கொண்டு வந்த பேச்சை அதோடு சட்டைப்பையிலேயே விட்டுவிட்டேன். அவளுக்குப் பதில் சொல்கிறமாதிரியே பேசிவிடுகிறேன்.

ஒன்பது வயதில் சேர்ந்தேன். முதல் மூன்று மாதம் தலைகால் புரியாத சந்தோஷம். வில்லைப் பிடிக்க வந்தது, சத்தம் வந்தது, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ச ரி க ம வாசித்துக் காட்டினேன். நாலாவது வருஷம் பெட்டியைப் பார்த்தாலே சலிப்பு. வாத்தியார் திட்டினார், ஆனால் அதனால் விடவில்லை. சோம்பேறித்தனம் என்று அப்பா சொன்னார், அதுவும் இல்லை. இத்தனை வருஷம் கழித்துத்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. முதல் வருஷம் என் கையும் மோசம், காதும் மோசம். அதனால் நான் வாசித்தது எனக்கு நன்றாக இருந்தது. நாலாவது வருஷம் காது வளர்ந்துவிட்டது. விரல் ஒரு நெல்மணி அளவு தள்ளி விழுந்தால்கூடக் காது கண்டுபிடிக்கிறது. கை மட்டும் பின்தங்கி வருகிறது. 'போன வருஷத்தைவிட மோசமா வாசிக்கிறேன்' என்று ஒரு பிள்ளை அழுதால், முக்கால்வாசி நேரம் போன வருஷத்தைவிட நன்றாகக் கேட்கிறது என்றுதான் அர்த்தம். பக்கத்து அறையில் இருக்கிற அம்மாவுக்கு முன்னைவிட நன்றாகத்தான் கேட்கும். வாசிக்கிற பிள்ளைக்குத்தான் நரகம். அந்த நேரத்தில் "உனக்கு ஆர்வமே இல்லை" என்று நாம் சொன்னால், அது எப்படி இருக்கும்?

அப்புறம், நான் விட்ட கதை. விட்டேன் என்று எந்த ஒரு நாளையும் சொல்ல முடியாது. அரையாண்டுத் தேர்வு வந்தது. "பரீட்சை முடியட்டும், அதுவரை எடுத்து வை" என்றார் அப்பா. அவர் பொறுப்பான மனிதர். சும்மா கிடக்கும்போது கம்பி மரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் என்று யாரோ சொன்னார்களாம். நாலு கம்பியையும் நன்றாகத் தளர்த்தி, பழைய வேட்டியில் சுற்றி, பெட்டியில் வைத்துப் பரணில் ஏற்றினார். பரீட்சை முடிந்தது. அதற்குப் பின்னால் வேறு பரீட்சை. கோட்டைக்குள் லிங்கம் திரும்பின சமயம் நான் கல்லூரியில் இருந்தேன். என் பெட்டி பரணில் இருந்தது.

முப்பத்தேழு வயதில் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அது கீழே வந்தது. தூக்கினால் உள்ளே ஏதோ உருளுகிற சத்தம். திறந்தேன். வில்லில் குதிரை மயிர் பாதிக்கு மேல் அறுந்து தொங்குகிறது. இருட்டில் கிடக்கிற பெட்டிக்குள் சின்னப் பூச்சி புகுந்து மயிரைத் தின்றுவிடும் என்பது பிறகு தெரிந்தது. கம்பிகளைத் தாங்குகிற குதிரை படுத்துவிட்டது. உள்ளே உருண்டது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. சென்னையில் வாத்தியம் பழுது பார்க்கிற ஒரு பெரியவரிடம் எடுத்துப் போனேன். அவர் ஆட்டிப் பார்த்ததுமே, "தம்பி, நாலு கம்பியையும் ஒண்ணா லூஸ் பண்ணினீங்களா?" என்றார்.

வயலினுக்குள்ளே ஒரு சின்னக் குச்சி நிற்கிறது. குதிரைக்குச் சற்றுப் பின்னால், மேல் பலகைக்கும் கீழ்ப் பலகைக்கும் நடுவில். அதை ஒட்டுவதில்லை. பசை கிடையாது, ஆணி கிடையாது. மேலே கம்பிகள் இழுத்துக் குதிரையை அழுத்துகிற அழுத்தத்தில்தான் அது அசையாமல் நிற்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு 'ஆன்மா' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நாலு கம்பியையும் சேர்ந்தாற்போலத் தளர்த்தினால் பிடிமானம் போய் அது விழுந்துவிடலாம். அதனால் கம்பி மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கழற்றி, புதிதைப் போட்டு முறுக்கிய பிறகுதான் அடுத்ததைத் தொடுவார்கள். அந்தப் பெரியவர் வளைந்த கம்பி ஒன்றை உள்ளே விட்டு, குச்சியைப் பத்து நிமிஷத்தில் நிறுத்திவிட்டார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு ஆனதும் இதுதானே என்று தோன்றியது.

பத்தாம் வகுப்பு வருகிறதா? வாரம் இரண்டு வகுப்பை ஒன்றாக்குங்கள். புதுப் பாட்டு வேண்டாம். வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம், தெரிந்த வர்ணத்தில் பாதி போதும். மூன்று கம்பியைத் தளர்த்தினாலும் ஒன்றை விட்டு வையுங்கள். "லீவுல பார்த்துக்கலாம்" என்பதைத்தான் நம்பாதீர்கள்.

இன்னொரு விஷயம், கேட்டால் சின்னதாகத் தெரியும். நம் ஊர் வெயிலில் மரம் காய்கிறது. வயலினில் கம்பியை முறுக்குகிற பிருடை சுருங்கி, திருகி விட்ட இடத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு வருகிறது. ஐப்பசி மழையில் அதே பிருடை ஊதிக்கொண்டு திருப்பவே வராது. சனிக்கிழமை வகுப்பில் ஆசிரியை சுருதி கூட்டிக் கொடுக்கிறார். திங்கட்கிழமைக்குள் கம்பி இறங்கிவிடுகிறது. குழந்தைக்குச் சுருதி சேர்க்கத் தெரியாது, வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. மீதி வாரமெல்லாம் அபஸ்வரமான வாத்தியத்தில் சாதகம். எந்தக் குழந்தைக்குப் பிடிக்கும்? நமக்கே பிடிக்காது. வழுக்குகிற பிருடையில் பள்ளிக்கூடத்து சாக்பீஸைக் கொஞ்சம் தேய்த்தால் பிடிப்பு வரும். முதல் வருஷமே சுருதி சேர்க்கக் கற்றுக்கொடுங்கள், முதல் பாட்டான கீதம் ஒரு மாதம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை. ஆர்வம் குறைந்ததாக நாம் நினைக்கிற பல வீடுகளில் குறைந்திருப்பது கம்பியின் முறுக்குதான்.

ஆரம்பத்தில் சொல்லித் தருகிற ஸ்வரப் பயிற்சியான சரளி வரிசை சலிக்கிறது என்கிறார்கள். சலிக்கத்தான் செய்யும். பதினாலு வரிசை, மூன்று காலம், மாதக்கணக்கில். எனக்குச் சொல்லித் தந்தவர் ஏன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. மறுபடி கற்க வந்தபோது இரண்டாவது ஆசிரியர் ஒரு வேடிக்கை காட்டினார். பாடம் மாயாமாளவகௌளையில் இருக்கிறது. புரந்தரதாசர் வகுத்துத் தந்தது என்பார்கள். அந்த ராகத்தில் ச ரி க ம எவ்வளவு இடைவெளியில் நிற்கிறதோ, அதே இடைவெளியில்தான் ப த நி ச நிற்கிறது. நம் வயலினில் கம்பிகளைச் ச, ப, ச, ப என்று சேர்க்கிறோம். அப்படியானால்? ச கம்பியில் ரி, க, ம என்று மூன்று விரல் விழுகிற அதே இடத்தில், பக்கத்து ப கம்பியில் விரலை வைத்தால் த, நி, மேல் ச. கையை நகர்த்தவே வேண்டாம். ஒரே கோலத்தை இரண்டு வாசலில் போடுவது மாதிரி. நான் ஆறு வருஷம் அந்த வரிசைகளை வாசித்திருக்கிறேன். இது தெரியாமலே வாசித்திருக்கிறேன். தெரிந்த அன்று ராத்திரி பதினொரு மணிவரை சரளி வரிசை வாசித்தேன். பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

பத்தாயிரம் மணி நேரம் பழகினால்தான் தேற முடியும் என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு கணக்கு சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் பிள்ளைகளிடம் காட்டிப் பயமுறுத்தாதீர்கள். 1993-ல் வெளியான ஓர் ஆய்விலிருந்து வந்தது அது. பெர்லினில் வயலின் படித்த மாணவர்களில் மிகத் தேர்ந்தவர்கள் இருபது வயதுக்குள் பழகியிருந்த நேரத்தின் சராசரி, அவ்வளவுதான். அதே ஆய்வில் நம் பிள்ளைகளுக்குப் பிடிக்கிற இன்னொன்றும் இருக்கிறது. அந்தத் தேர்ந்த மாணவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தூங்கினார்கள். மத்தியானமும் ஒரு தூக்கம் போட்டார்கள். (இந்த இடத்தில் மட்டும் பிள்ளைகள் கை தட்டினார்கள்.)

இப்போது எனக்கு முக்கியமாகப் படுகிற இடத்துக்கு வருகிறேன். பழைய வட ஆற்காட்டில், ஆரணி, செய்யாறு, வந்தவாசிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் கூத்து நடக்கும். விடிய விடிய நடக்கும். முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம், தாளம் என்று ஒரு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். என் தாய்மாமன் ஊர் அந்தப் பக்கம். பள்ளி விடுமுறையில் போர்வையோடு போய் உட்காருவேன். ஒரு தடவை என் வயதுப் பையன் ஒருவன் அந்த பெஞ்சின் ஓரத்தில் இருந்தான். அவன் கையில் ஜால்ரா. அப்பா மிருதங்கம். பையனுக்கு வேறொன்றும் வாசிக்கத் தெரியாது. நடிகர் அடியைப் பாடினால் பின்பாட்டுக் கோஷ்டியோடு சேர்ந்து பாடுகிறான், ஜால்ரா தட்டுகிறான். மூன்று மணிக்குத் தூங்கி விழுந்தான். அப்பா முழங்கையால் ஒரு இடி இடித்தார், மறுபடி தட்டினான். விடிந்ததும் எல்லோருக்கும் கொடுத்த டீயை அவனுக்கும் கொடுத்தார்கள். பெரிய கிளாஸில்.

அவன் கற்க ஆரம்பித்த நாளிலிருந்தே கூட்டத்தில் ஓர் ஆள். அவன் தட்டாவிட்டால் அங்கே ஒன்று குறையும். நான் ஆறு வருஷம் வாசித்தேன், நிறுத்தினபோது எங்கேயும் எதுவும் குறையவில்லை. வீடு கொஞ்சம் அமைதியானது, அவ்வளவுதான். இன்றைக்கும் பெரும்பாலான பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக வாசிக்கிறார்கள். கீபோர்டு படிக்கிற பிள்ளைகள் கிரேடு தேர்வுக்கு மூன்று பாட்டைத் தேய்த்துத் தேய்த்து ஒரு வருஷத்தை ஓட்டுகிறார்கள். தேர்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுங்கள். ஆனால் தாத்தா அறுபதாம் கல்யாணத்தில் அந்தப் பிள்ளையை ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னீர்களா? தப்பாக வாசிக்கட்டுமே. தப்பில்லாமல் வாசிக்கிறவரை யாருக்கும் வாசித்துக் காட்டாதே என்று சொன்னால், அந்த நாள் வராது.

நமக்குப் பக்கத்து வாலாஜாபேட்டையையே பாருங்கள். தியாகராஜருடைய சீடர் வெங்கடரமண பாகவதர் அங்கேதான் வந்து குடியேறினார். அவரும் அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் எழுதி வைத்த குருவின் கீர்த்தனைகள் மதுரையில் சௌராஷ்டிர சபையில் இன்றும் ஏட்டிலும் தாளிலுமாக இருக்கின்றன. பாடுவதோடு அவர்கள் நிற்கவில்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன். உட்கார்ந்து எழுதினார்கள், வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கீர்த்தனைகள் இயற்றிய மைசூர் சதாசிவ ராயர் அந்த வெங்கடரமணரிடம் கற்றவர்தான். சங்கீதத்தில் பாடுகிறது, வாசிக்கிறது தவிர வேறு வேலைகளும் இருக்கின்றன. வாசிக்கப் பிடிக்காத மாதத்தில் ஸ்வரத்தைப் பார்த்து நோட்டில் எழுது. சின்னப் பிள்ளைக்கு முதல் வரிசை சொல்லிக்கொடு. தம்பூராவுக்கு உட்கார். யாராவது வாசிக்கும்போது தாளம் போடு. வாத்தியத்தைத் தொடாத மாதமும் சங்கீதத்துக்குள்ளே கழிந்தால் போதும்.

நேரம் ஆகிவிட்டது, டிபன் வாசனை எனக்கும் வருகிறது. பத்தாவது போகிற பெண்ணே, எங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று தெரியவில்லை. எங்கள் தெருவில் மார்கழி முப்பது நாளும் விடியற்காலை ஐந்து மணிக்கு பஜனை கிளம்புகிறது. பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். மூட்டு வலிக்காரர்கள். உனக்கு அப்போது அரையாண்டுத் தேர்வு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வா, அரை மணி நேரம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. பனி இருக்கும், ஸ்வெட்டர் போட்டுக்கொள். எங்களிடம் ஜால்ரா ஏழு ஜோடி இருக்கிறது. வயலின் ஒன்றே ஒன்றுதான். அதுவும் சுமாராகத்தான் வாசிக்கப்படுகிறது.