அடி அளக்க வேண்டாத தண்ணீர்

நடுவர் ஐயாவுக்கும், எதிரணியில் இருக்கும் பெரியவர்களுக்கும் தம்பிமாருக்கும், இந்தப் புழுக்கத்திலும் சனசமூக நிலைய முற்றம் நிறைய வந்து உட்கார்ந்திருக்கும் எங்கள் முரசுமோட்டைச் சனங்களுக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். வன்னிக் குடும்பம் ஒன்றுக்கு ஓய்வான விடுமுறை கிடைப்பது மலையும் ஏரியும் தேடிப் போனாலா, எங்கள் குளக்கரையிலேயே இருந்தாலா? மலையும் ஏரியும்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஐயா சற்றுமுன் அருமையாகப் பேசினார். இரணைமடு அணைக்கட்டில் காற்று வாங்கினால் போதாதா என்று கேட்டார். பாலைப்பழமும் எருமைத் தயிரும் நுவரெலியாவில் கிடைக்குமா என்றார். ஹயஸ் வான் வண்டி பிடித்து வளைவு வளைவாக ஏறி, வாந்தியும் சண்டையுமாகத் திரும்புவதற்குப் பெயர் ஓய்வா என்றும் கேட்டார். பாலைப்பழத்துக்கு நான் மறுப்புச் சொல்லமாட்டேன். அதற்கு ஈடாக மலையில் ஒன்றும் இல்லை. மற்ற இரண்டுக்கும் பதில் இருக்கிறது.

ஐயா, தலைப்பில் ஓய்வு என்று ஒரு சொல் இருக்கிறது. அதை நான் விடப்போவதில்லை.

இரணைமடு அழகில்லை என்று யார் சொன்னது? 1902இல் வேலை தொடங்கி 1920இல் முடித்த குளம். எங்களுக்குச் சோறு போடுகிற குளம். ஆனால் அந்த அணைக்கட்டில் ஏறி நின்றவுடன் எங்கள் ஆட்களின் வாயில் வருகிற முதல் கேள்வி என்ன? "இப்ப எத்தனை அடி நிக்குது?" அதுதானே? நிறைந்தால் 36 அடி. குறைந்தால், சிறுபோக நெல் விதைப்புக்கு முன் நடக்கும் கூட்டத்தில் எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் விடுவார்கள், எங்கள் பங்கு எவ்வளவு, வாய்க்கால் கடைசிக் காணிக்கு வந்து சேருமா என்று கணக்கு ஓடத் தொடங்கிவிடும். கூடிப்போனால் வேறு கவலை, வான்கதவைத் திறந்துவிடுவார்களோ என்று. என் வீட்டுக்காரர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குளத்துக்குப் போவார். பிள்ளைகள் கொக்குப் பார்ப்பார்கள். அவர் அளவுகோலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவரைக் குறை சொல்லவில்லை. அந்தத் தண்ணீரில்தான் எங்கள் வருஷம் முழுக்க இருக்கிறது. வேலைத்தலத்தில் பாய் விரித்துப் படுத்தால் உடம்பு சாயும், மனம் சாயாது.

பெண்களுக்கு இன்னும் கஷ்டம். ஊரில் விடுமுறை என்றால் என்ன நடக்கிறது? கொழும்பில் இருந்து மச்சாள் குடும்பம் வருகிறது, வெளிநாட்டில் இருந்து அண்ணை வருகிறார், எல்லாரும் குளத்துக்குப் போய்க் குளித்துவிட்டுப் பசியோடு திரும்புகிறார்கள். அடுப்படியில் நிற்பது யார்? கூழுக்கு நண்டு உடைப்பது யார்? விடுமுறை முடிந்து எல்லாரும் போன அன்று இரவு, அந்தப் பெண்ணுக்கு இடுப்பு நோகிறது. எதிரணித் தங்கச்சி "உறவோடு கூடியிருப்பதே சுகம்" என்றார். சுகம்தான். அந்தச் சுகத்தைச் சமைத்துப் போடுகிறவளுக்கும் வருஷத்தில் மூன்று நாள் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் பள்ளிக்கூட விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர் மலைக்குப் போனோம். நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், எழுபது வயது மாமி. பாரதிபுரத்தில் இருக்கும் என் சிநேகிதியின் சொந்தக்காரர் நோர்வூட் பக்கம் ஒரு வீட்டில் இரண்டு அறை ஒழுங்குபண்ணித் தந்தார். ஹயஸ் பிடிக்கவில்லை. கிளிநொச்சியில் இரவுத் தபால் ரயில் ஏறி, விடியப்புறம் பொல்காவலையில் இறங்கி, தேநீர் குடித்துக் காத்திருந்து, பதுளை ரயிலில் ஹட்டன் போய்ச் சேர்ந்தோம். ஒருவருக்கும் வாந்தி வரவில்லை. கண்டி, பேராதனை, றம்பொடை, நுவரெலியா, எல்ல என்று எல்லாவற்றையும் இரண்டு நாளில் ஓடிப் பார்த்துவிட்டு மலையைக் குறை சொல்லக்கூடாது ஐயா. அது ஓட்டத்தின் பிழை. நாங்கள் ஒரே இடத்தில் நான்கு இரவு தங்கினோம்.

வீட்டு விறாந்தையில் இருந்து பார்த்தால் காசல்ரீ நீர்த்தேக்கம். தேயிலை மலைகளுக்கு இடையில் விரல் விரலாகப் புகுந்து கிடக்கிற தண்ணீர். வானம் வெளித்தால் சிவனொளிபாதமலையின் கூர் தெரியும். 2243 மீற்றர் உயரம். எங்கள் பிள்ளைகள் பனைமரத்துக்கு மேலே அண்ணாந்து பார்த்துப் பழகாதவர்கள், முதல் நாள் அதைப் பார்த்தபடியே சாப்பிட்டார்கள்.

இரண்டாம் நாள் பின்னேரம் நடந்ததைச் சொல்கிறேன். ஆகஸ்டில் எங்களுக்கு மழை ஏது? தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்கு மலைச்சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிட்டு, எங்களிடம் வரும்போது சோளகம் என்கிற வெறும் காற்றாகத்தான் வரும், புழுதியைக் கிளப்பிக்கொண்டு. அந்தக் கொட்டுகிற இடத்தில் அன்றைக்கு நாங்கள் இருந்தோம். ஏரியின் அக்கரை முதலில் மறைந்தது, பிறகு நடு, பிறகு முற்றத்து ரோசாச்செடி. தகரத்தில் முதல் துளிகள் விழுந்த சத்தம் கேட்டதுதான் தாமதம், மாமி கதிரையில் இருந்து எழும்பிவிட்டார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு எட்டு வைத்துவிட்டார். காயப்போட்ட நெல்லை அள்ள வேண்டும், விறகை உள்ளே எடுக்க வேண்டும், கன்றுக்குட்டியைக் கொட்டிலில் கட்ட வேண்டும். அறுபது வருஷமாக மழைச் சத்தம் அவருக்குச் சொன்ன செய்தி அதுதான். படியடியில் போய் நின்றார். அங்கே நெல்லும் இல்லை, விறகும் இல்லை. செருகின தலைப்பை மெதுவாக இழுத்து விட்டுக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார். இரண்டு கையையும் மடியில் வைத்தபடி மழை விடும்வரை அப்படியே இருந்தார். நான் கலியாணம் முடித்து வந்த நாளில் இருந்து அந்தக் கைகள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. புழுங்கல் அரிசி பொறுக்கும், தேங்காய் துருவும், ஒன்றும் இல்லாவிட்டால் ஈர்க்கு வாரும்.

என் வீட்டுக்காரரும் அப்படித்தான். முதல் நாள் கரைக்குப் போனவர், அங்கே தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டார், "இதில எத்தனை ஏக்கர் பாயும்?" அந்த மனிதர் சொன்னார், "வயல் கியல் ஒண்ணும் இல்லங்க, எல்லாம் கரண்டுக்குத்தான்." காசல்ரீத் தண்ணீர் நோட்டன் பிரிட்ஜில் விமலசுரேந்திர மின்நிலையத்துக்குப் போகிறது. எங்கள் பங்கு அதில் ஒரு துலாவும் இல்லை. வீட்டுக்காரர் சிறிது நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சேட்டைக் கழற்றி மகனிடம் கொடுத்துவிட்டு இறங்கிக் கால் நனைத்தார். அடி அளக்கத் தேவையில்லாத தண்ணீரை அவர் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் பார்த்தார்.

நுவரெலியாவுக்கும் ஒரு நாள் போய் வந்தோம். கிறகறி வாவியும் வெட்டின ஏரிதான், 1873இல் ஆளுநர் கிறகறி காலத்தில் அமைத்தது. பிள்ளைகள் படகு ஓடினார்கள், குதிரையில் ஏறினார்கள். ஊர் 1868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் மாமிக்குக் குளிர் கூடிப்போனது. மூன்று மணிக்கே திரும்பிவிட்டோம். அந்த நாளைவிட நோர்வூட் விறாந்தை எங்களுக்குப் பெரிது.

எதிரணியில் ஒரு தம்பி உருக்கமாகக் கேட்டார்: "கொழுந்து பறிக்கிற சனம் படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டு நீங்கள் எப்படி ஓய்வெடுப்பீர்கள்?" நியாயமான கேள்வி தம்பி, அதைத் தட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வராது. பக்கத்து லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில் இருந்த அக்கா ஒருவர் காலையில் கூடையோடு போவார், பின்னேரம் நனைந்து வருவார். பல தோட்டங்களில் நாளுக்கு 18 கிலோ கொழுந்து நிறுக்க வேண்டும். குறைந்தால் சம்பளம் குறையும். ஒரு மாலை எங்கள் விறாந்தையில் வந்து உட்கார்ந்து காலில் இருந்து அட்டையை உப்பு வைத்து எடுத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "ஒங்க ஊர்ல பெரிய கொளம் இருக்காமே? சாயங்காலம் அங்க போயி சும்மா ஒக்காந்திருக்கலாந்தானே?" எனக்குத் தொண்டை அடைத்தது. அவருக்கு அந்த மலை, எனக்கு இரணைமடு மாதிரி. பார்த்தால் எடைதான் நினைவுக்கு வரும். அவர் ஓய்வெடுக்க எங்கள் குளக்கரைக்குத்தான் வரவேண்டும், வாருங்கள் என்று அப்போதே சொன்னேன், அடுத்த வருஷம் பிள்ளையோடு வந்து ஒரு கிழமை எங்களோடு இருந்தார். இதைச் சொன்னால் எதிரணிக்குச் சாதகம் என்று என் அணியில் பயந்தார்கள். எனக்குப் பயமில்லை ஐயா. தலைப்பு வன்னிக் குடும்பத்தைப் பற்றித்தான் கேட்கிறது. தன் உழைப்பு நிற்காத இடத்தில்தான் ஒரு மனிதருக்கு ஓய்வு என்று அந்த அக்காவும் எனக்காகத்தான் பேசியிருக்கிறார்.

மலை எங்களுக்கு அந்நியம் என்றும் இங்கே ஒரு குரல் வந்தது. வாசலில் ஓடுகிற வீதிக்கு என்ன பெயர்? கண்டி வீதி. ஏ9 தொடங்குவதே கண்டியில்தான். போரில் அது பூட்டிக் கிடந்த காலமும் எங்களுக்குத் தெரியும். எழுபதுகளில் தோட்டங்களில் பஞ்சம் வந்தபோதும், 1977இல் அடித்துத் துரத்தியபோதும், மலையக மக்கள் வந்து காடு வெட்டிக் குடியேறியது இந்த வன்னியில். பாரதிபுரத்திலும் மலையாளபுரத்திலும் இன்றைக்கும் பாட்டிமார் மலையின் பெயர் சொல்லிப் பேசுகிறார்கள். மஸ்கெலியாவுக்கு நாங்கள் போனபோது ஒரு பெரியவர் மவுசாகலை நீர்த்தேக்கத்தைக் காட்டி, பழைய மஸ்கெலியா ஊர் இதற்குள்ளேதான் இருக்கிறது, தண்ணீர் வற்றும் காலத்தில் பழைய கோயில் வெளியே தெரியும் என்றார். மாமி அவரிடம், "சாமியைக் கொண்டுபோயிட்டினமோ?" என்று மட்டும் கேட்டார். ஊர் விட்டு ஊர் ஓடி, திரும்பி வந்து கூரை இல்லாத கோயிலைப் பார்த்த மனுஷி. அப்படிக் கேட்கத் தெரிந்தவருக்கு அந்த ஊர் எப்படி ஐயா அந்நியம்?

செலவைப் பற்றி ஒரு வசனம். ஒரு சாமத்தியவீட்டில் படம் பிடிக்கிறவருக்குக் கொடுக்கிற காசு அந்த நான்கு நாளுக்குப் போதும்.

நாங்கள் மலைக்குப் போன அதே வருஷம் டிசம்பரில் என்ன நடந்தது என்று இங்கே இருக்கும் எல்லாருக்கும் தெரியும். ஒரே இரவில் கொட்டின மழையில் இரணைமடு வான்கதவுகளைத் திறந்தார்கள், தண்ணீர் எங்கள் வளவுக்குள் வந்தது. அடையாள அட்டைகளையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். அங்கே வகுப்பறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது, தகரத்தில் அடிக்கிற மழையைக் கேட்டுக்கொண்டே மாமி சொன்னார்: "பிள்ளை, நோர்வூட்டில பெய்ததும் இதே மழைதானே?" 

மாமி அதோ மூன்றாவது வரிசையில், தூணோடு இருக்கிறார். மழை வரும் மாதம் பார்த்து மறுபடியும் போகவேண்டும் என்று போன கிழமையும் கேட்டார். நடுவர் ஐயா, என் பேச்சில் சந்தேகம் இருந்தால் தீர்ப்புக்கு முன் அவரிடமே கேளுங்கள்.

வணக்கம்.