மூன்று விநாடியும் ஓர் ஊன்றுகாலும்: வலைப்பந்தாட்டம் பழகத் தொடங்குவோருக்கு

வணக்கம். ஓடிவந்து பந்தைப் பிடிக்கிறீர்கள். வந்த வேகத்தில் இன்னும் இரண்டு எட்டு வைத்துவிடுகிறீர்கள். நடுவர் விசில் ஊதுகிறார், பந்து எதிரணிக்குப் போய்விடுகிறது. வலைப்பந்தாட்டம் பழகத் தொடங்குவோரிடம் நான் அதிகம் காணும் பிழை இதுதான். இன்றைய காணொளியின் பெரும்பகுதி இந்த ஒரு பிழையைத் திருத்துவதற்கே.

1890களில் இங்கிலாந்தில் கூடைப்பந்திலிருந்து பிரிந்து வளர்ந்த இந்த ஆட்டத்துக்குப் பொது விதிகளை வகுக்க 1960இல் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடிய இடம் நம் இலங்கை என்பதை மட்டும் சொல்லிவிட்டு மைதானத்துக்குள் இறங்குகிறேன். அணிக்கு எழுவர், ஒவ்வொருவரும் தமக்குரிய பகுதிக்குள்தான் ஆட வேண்டும், கோல் போடும் உரிமை கோல் சூட்டர், கோல் அட்டாக் ஆகிய இருவருக்கு மட்டுமே உண்டு.

இனி, காலைக் கவனியுங்கள். கூடைப்பந்தைப் போலப் பந்தைத் தட்டித் தட்டி ஓட இங்கே இடமில்லை. கைக்கு வந்த பந்தை மூன்று விநாடிக்குள் எறிந்துவிட வேண்டும். பிடித்தபின் முதலில் தரையைத் தொடும் கால்தான் ஊன்றுகால். அது இடக்கால் என்று வைத்துக்கொள்வோம். வலக்காலை எந்தத் திசையிலும் எத்தனை முறையும் எடுத்து வைக்கலாம். இடது முன்பாதத்தின் மேல் சுழன்று திரும்பலாம். இடக்காலைத் தூக்கவும் செய்யலாம். ஆனால் தூக்கிய அந்தக் கால் மீண்டும் தரையைத் தொடுவதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். ஊன்றுகாலை இழுத்தாலும், அதிலேயே நொண்டியடித்தாலும் பிழைதான். இரு கால்களும் ஒன்றாக இறங்கினால் எதை ஊன்றுகாலாகக் கொள்வது என்பது உங்கள் விருப்பம். ஆகவே புதியவர்கள் முழங்காலை மடக்கி, இரு கால்களாலும் இறங்கிப் பழகுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இதை நீங்களே சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. சப்பாத்தின் அடியை நனைத்துக்கொண்டு, காய்ந்த சீமெந்துத் தரையில் ஓடிவந்து, பந்தைப் பிடித்து, இறங்கி, எறியுங்கள். பிறகு குனிந்து ஈரத்தடங்களைப் பாருங்கள். ஊன்றுகாலின் தடம் ஓரிடத்தில் அழுத்தமாகப் பதிந்திருந்தால் சரி. தேய்ந்து நீண்டிருந்தால் காலை இழுத்திருக்கிறீர்கள். பந்து கையில் இருந்தபோதே அந்தக் காலின் இரண்டாம் தடம் விழுந்திருந்தால் விசில் கேட்டிருக்கும்.

எறிவதைப் பொறுத்தவரை, விரல்களை விரித்துப் பந்தின் பின்புறம் பிடித்து, நெஞ்சுயரத்திலிருந்து இரு கைகளாலும் தள்ளும் எறிதலை முதலில் பழகுங்கள். சகவீராங்கனை நிற்கும் இடத்துக்கல்ல, அவர் ஓடிச்சேரும் இடத்துக்கு எறியுங்கள்.

கோல் போடுவதில் என்னை எப்போதும் வியக்கவைக்கும் கணக்கு ஒன்று உண்டு. வளையம் தரையிலிருந்து 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பின்னால் பலகை கிடையாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, 2018இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் ஆடிய தர்ஜினி சிவலிங்கத்தின் உயரம் 2.08 மீற்றர். அவருடைய தலைக்கு மேலும் வளையம் ஏறக்குறைய ஒரு மீற்றர் தொலைவில் இருக்கிறது! ஆகவே பந்து மேலெழுந்து வளைந்து இறங்கியே ஆக வேண்டும். வளையத்தின் உள்விட்டம் 38 சென்ரிமீற்றர், பந்தின் விட்டம் சுமார் 22. மேலிருந்து இறங்கும் பந்துக்குத் தாராளமாக இடமுண்டு, தாழ்வாகப் பாயும் பந்துக்கோ அந்த வாய் குறுகிவிடுகிறது. ஒரு கையின் விரல்களில் பந்தைத் தாங்கி, மறுகையைப் பக்கவாட்டில் அணைத்து, முழங்காலை மடக்கி நிமிரும்போதே மணிக்கட்டை முன்னோக்கி மடக்கி விடுங்கள். முதல் நாள் வளையத்துக்கு இரண்டு எட்டுத் தள்ளி நின்றால் போதும்.

ஈரச் சப்பாத்துச் சோதனையைச் செய்து பார்த்து, உங்களுக்கு எந்தக் கால் முதலில் இறங்குகிறது என்பதைக் கீழே எழுதுங்கள். பந்து வைத்திருப்பவரிடமிருந்து தடுப்பவர் விட வேண்டிய 0.9 மீற்றர் இடைவெளியை அடுத்த காணொளியில் அளந்து காட்டுகிறேன்.