மரோட்ஸி: ஐம்பதுக்கு மேல் ஆடியதுதான் ஆட்டம்

நடுவர் அவர்களுக்கும், இவ்வளவு நேரம் எதிரே உட்கார்ந்து மரோட்ஸிக்கு இரங்கல் கூட்டம் நடத்திக்கொண்டிருந்த எதிரணி நண்பர்களுக்கும், அரங்கம் நிறைய வந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

தலைப்பு எல்லோருக்கும் தெரியும். ஹங்கேரியின் செஸ் மாஸ்டர் கேஸா மரோட்ஸியின் உண்மையான உயரம் முதல் உலகப் போருக்கு முன்பா, பின்பா? எங்கள் அணிக்கு வந்தது 'பின்பு'. சீட்டு விழுந்தபோதே முன்வரிசையில் ரெண்டு பேர் உச்சுக்கொட்டியதை நான் பார்த்தேன். பாவம், தோற்கிற பக்கம் மாட்டிக்கொண்டார்கள் என்று. சரி, பார்ப்போம்.

எனக்கு முன்பு பேசிய அக்கா நல்ல பட்டியல் ஒன்று வாசித்தார். 1902 மான்டே கார்லோ முதலிடம், 1904ல் அதே ஊரில் மறுபடியும் முதலிடம், 1905 ஓஸ்டெண்ட் முதலிடம், 1906ல் உலக சாம்பியன் லாஸ்கரோடு பட்டப் போட்டிக்கு ஒப்பந்தம். இதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பட்டப் போட்டி நடந்ததா? நடக்கவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்தது, அதோடு சரி, இருவரும் பலகைக்கு முன்னால் உட்காரவே இல்லை. அக்கா அதையும் சாதனைக் கணக்கில் எழுதுகிறார். நடக்காத கல்யாணத்துக்கு மொய் எழுதலாமா அக்கா?

அப்புறம் 'மரோட்ஸி பைண்ட்' என்றார். சிசிலியன் என்று கறுப்பு ஆடும் தொடக்கத்துக்கு எதிராக வெள்ளை சி4, இ4 கட்டங்களில் சிப்பாய்களை ஊன்றி வைத்துக் கறுப்பை மூச்சுவிட முடியாமல் செய்வது, இன்று சென்னையில் செஸ் கோச்சிங் போகிற பையன்களுக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் 1904 மான்டே கார்லோ ஆட்டத்தில் அந்தச் சிப்பாய்களை ஊன்றியவர் ஸ்விடெர்ஸ்கி. மரோட்ஸி கறுப்புக் காய்களோடு எதிரே உட்கார்ந்திருந்தார். ஆகவே அதை வைத்தும் 'முன்பு' அணி ரொம்பக் கொண்டாட வேண்டாம்.

என் வாதம் இதுதான். போருக்கு முன்பு மரோட்ஸிக்கு வேலை இருந்தது, சம்பளம் இருந்தது. கணக்கு வாத்தியாராக இருந்தார், பிறகு தணிக்கை வேலைக்குப் போனார். போட்டியில் ஜெயித்தால் பேர், தோற்றால் திங்கட்கிழமை காலை ஆபீஸ். 1908க்குப் பிறகு போட்டிகளைப் பெரும்பாலும் குறைத்துக்கொண்டதும் அந்த வேலைக்காகத்தான். இதில் தப்பில்லை, குடும்பஸ்தர் அப்படித்தான் செய்வார். ஆனால் 1919ல் எல்லாம் தலைகீழானது. போரில் தோற்ற ஹங்கேரியில் பேலா குன்னின் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது, 133 நாள்தான் நின்றது. அந்தக் கொஞ்ச நாளில் மரோட்ஸி கல்வி அமைச்சகத்தில் தணிக்கைப் பொறுப்பில் இருந்தார். ஆட்சி கவிழ்ந்தது, அந்த அடையாளம் மட்டும் அவர் மேல் ஒட்டிக்கொண்டது. வேலை கிடைக்கவில்லை. அடுத்த வருடமே ட்ரியனான் ஒப்பந்தத்தில் நாட்டின் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. வயது ஐம்பது. கையில் இருந்த தொழில் ஒன்றே ஒன்று, செஸ். நெதர்லாந்து, இங்கிலாந்து என்று ஊர் ஊராகப் போய் ஆடிப் பிழைக்கத் தொடங்கினார்.

எதிரே யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1902ல் இருந்த ஆட்கள் இல்லை இவர்கள். மையத்தைச் சிப்பாயால் பிடி என்று அதுவரை எல்லோரும் சொன்னதை, பிடிக்காதே, தூரத்தில் நின்று அடி என்று மாற்றிச் சொன்ன கூட்டம். ரெட்டி, நிம்சோவிச், க்ருன்ஃபெல்ட், டார்டாகோவர். 1921ல் அலெகைன் தன் பெயரில் ஒரு தற்காப்பையே கொண்டுவருகிறார், முதல் நகர்விலேயே குதிரையை வெளியே விட்டு, வா, உன் சிப்பாயை வைத்து என்னைத் துரத்து என்கிறார். 1922ல் க்ருன்ஃபெல்ட் தன் பங்குக்கு இன்னொன்று. பழைய பாடம் படித்த ஒரு ஐம்பது வயதுக்காரர் இந்த ஆட்களோடு ஆடித்தான் சாப்பிட வேண்டும். இது போருக்கு முன்பு அவருக்கு வராத பரீட்சை.

1921ல் ஆஸ்திரியாவின் பாட் அவுஸ்ஸேவில் மாக்ஸ் யூவே என்ற டச்சுக்காரப் பையனோடு 12 ஆட்டம். யூவேக்கு அப்போது 20 வயது. ஆளுக்கு இரண்டு வெற்றி, மீதி எட்டும் டிரா, 6க்கு 6. பார்த்தீர்களா, சின்னப் பையனிடம் டிரா செய்தவர் என்று அக்கா சிரித்தார். அந்தச் சின்னப் பையன்தான் 1935ல் அலெகைனைத் தோற்கடித்து உலக சாம்பியன் ஆனார். சிரிக்கலாம், யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று கொஞ்சம் கவனித்துக்கொண்டு சிரிக்கலாம்.

இப்போது எதிரணி பெரிய ஆயுதமாக நினைத்து எடுத்த ஆட்டத்துக்கு வருகிறேன். 1922 டெப்லிட்ஸ், மரோட்ஸி வெள்ளை, டார்டாகோவர் கறுப்பு, டச்சு தற்காப்பு. எதிரணித் தம்பி அதைப் பாதி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார், மீதியை நான் சொல்கிறேன், எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. டார்டாகோவர் தன் யானையை எஃப்6க்குத் தூக்கி, அங்கிருந்து எச்6க்குத் திருப்பி, ராஜாவைக் குறிவைத்து நிறுத்துகிறார். 17வது நகர்வில் அந்த யானையை எச்2 சிப்பாயின் மேல் தூக்கிப் போடுகிறார். ராஜா யானையை எடுக்கிறார். ராணி எஃப்2 சிப்பாயை எடுத்து செக். ராஜா மூலைக்கு ஓடுகிறார். சரி, அடுத்து இன்னொரு செக் வரும், இன்னொரு காய் விழும் என்றுதானே எல்லோரும் எதிர்பார்ப்போம்? இல்லை. டார்டாகோவர் நிதானமாகத் தன் குதிரையை எஃப்6க்கு நகர்த்துகிறார். அவ்வளவுதான். செக் இல்லை, மிரட்டல்கூட உடனே தெரியாது. கொஞ்சம் தள்ளி மந்திரியையும் அதே மாதிரி ஒரே ஒரு கட்டம் மெதுவாக நகர்த்துகிறார். கையில் ஒரு யானை கூடுதலாக வைத்துக்கொண்டு மரோட்ஸியால் ஒன்றும் செய்ய முடியவில்லை, காய்கள் எல்லாம் ராணி பக்கத்தில் ஒன்றின் காலை ஒன்று மிதித்துக்கொண்டு நிற்கின்றன. செஸ் வரலாற்றிலேயே மிக அழகான யானைத் தியாகங்களில் ஒன்று, அதைத் தியாகம் செய்தவர் பெயரோடு வாங்கிக்கொண்டவர் பெயரும் நூறு வருடமாக அச்சில் வந்துகொண்டிருக்கிறது.

52 வயதில் இப்படி ஒரு அடி வாங்கினால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? பலகையை மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவோம்.

மரோட்ஸி என்ன செய்தார் என்பதைத் தம்பி சொல்லவில்லை. மறுவருடம், 1923, கார்ல்ஸ்பாட். 18 பேர். பெயர்களைக் கேளுங்கள்: அலெகைன், போகோல்யூபோவ், ரூபின்ஸ்டைன், நிம்சோவிச், ரெட்டி, க்ருன்ஃபெல்ட், டாராஷ், ஸ்பீல்மன், இன்னும் அதே டார்டாகோவர். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் இதைவிடக் கடினமான போட்டியை நடத்த வேண்டுமென்றால் கியூபாவிலிருந்து அன்றைய உலக சாம்பியன் காபப்ளாங்காவையும் எங்கிருந்தாவது லாஸ்கரையும் கூட்டி வந்திருக்க வேண்டும். 17 சுற்று முடிந்தபோது முதலிடத்தில் மூன்று பேர், ஆளுக்கு 11.5 புள்ளி. அலெகைன், வயது 30. போகோல்யூபோவ், வயது 34. மூன்றாவது ஆள் கேஸா மரோட்ஸி, வயது 53. நாலு வருடத்தில் உலக சாம்பியன் ஆகப்போகிற அலெகைனோடு அரைப் புள்ளிகூட விடாமல் சமமாக நிற்கிறார்! 1904ல் மான்டே கார்லோவில் ஜெயித்தது பெரிது என்கிறீர்கள். அன்று அவருக்கு 34. அந்த வயதில் ஜெயிக்காமல் எப்போது ஜெயிப்பது?

1924 நியூயார்க்கை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். 11 பேர், ஒவ்வொருவரோடும் இரண்டு ஆட்டம். லாஸ்கர் 16 புள்ளியோடு முதலிடம், காபப்ளாங்கா இரண்டாவது, அலெகைன் மூன்றாவது. மரோட்ஸி 20க்கு 10, ஆறாவது இடம். ஆறாவதுதானே என்று கேட்பீர்கள். அவருக்குக் கீழே இருந்தவர்களில் ஒருவர் போகோல்யூபோவ். அவர் அடுத்த வருடம் மாஸ்கோவில் லாஸ்கரையும் காபப்ளாங்காவையும் பின்னால் தள்ளி முதலிடம் வாங்கியவர். இன்னொருவர் நம்ம டார்டாகோவர், 8 புள்ளி. கணக்கு எங்கோ தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

1927 லண்டனை மட்டும் வேகமாகத் தாண்ட மாட்டேன், நடுவர் மன்னிக்க வேண்டும். முதல் அதிகாரபூர்வ செஸ் ஒலிம்பியாட், 16 நாடுகள், நாலு போர்டு, 15 சுற்று. ஹங்கேரியின் முதல் போர்டில் 57 வயது மரோட்ஸி. முதல் போர்டு என்றால் ஒவ்வொரு நாட்டின் ஆகச் சிறந்த ஆளையும் இவரே தாங்க வேண்டும், கீழே ஆடுகிற நாகி, வாய்டா, ஹவாஷி, எண்ட்ரே ஸ்டைனர் எல்லோரும் நிம்மதியாக ஆட அதுதான் வழி. 12 ஆட்டம் ஆடினார். ஆறு வெற்றி, ஆறு டிரா, தோல்வி இல்லை. ஹங்கேரி 40 புள்ளி, டென்மார்க் 38.5, இங்கிலாந்து 36.5. ஒன்றரைப் புள்ளிதான் வித்தியாசம். முதல் போர்டில் இவர் ஜெயித்ததில் மூன்று ஆட்டம் தோற்றிருந்தால் கோப்பை கோபன்ஹேகனுக்குப் போயிருக்கும். அந்த ஹாமில்டன் ரஸ்ஸல் கோப்பையை முதன்முதலில் வாங்கியது ஹங்கேரி. 2024ல் அதே கோப்பையை ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டிலேயே நம்ம குகேஷும் பிரக்ஞானந்தாவும் இருந்த இந்திய அணி வாங்கியது. கைதட்டலாம், இதற்கு எதிரணியும் தட்டலாம்.

அந்த லண்டனிலேயே, அதே நாட்களில், பெண்களுக்கான முதல் உலக சாம்பியன் போட்டியும் நடந்தது. ஜெயித்தவர் வேரா மென்சிக், 11 ஆட்டத்தில் 10.5 புள்ளி. மென்சிக் யாரிடம் படித்தவர்? இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் ஊரில், பிழைப்புக்காக வந்து தங்கியிருந்த ஒரு ஹங்கேரிக்காரரிடம். ஆம், இவரேதான். ஒரே ஊரில் ஒரே மாதத்தில் வாத்தியார் அணிக் கோப்பை, மாணவி உலகப் பட்டம். வேலை போய் நாட்டை விட்டு வெளியே வரவில்லை என்றால் ஹேஸ்டிங்ஸுக்கு அவர் ஏன் போகப் போகிறார்? 'முன்பு' அணியிடம் இதற்கு ஈடாக ஒன்று இருந்தால் எடுத்து வையுங்கள், நான் உட்கார்ந்துவிடுகிறேன்.

இல்லை, 1908லேயே மரோட்ஸி முடிந்துவிட்டார் என்று தம்பி அடித்துச் சொன்னார். தம்பி, இவர் 1951ல் காலமானார். அதற்குப் பிறகும் ஆளை விடவில்லை தெரியுமா? 1985ல் ஆவியோடு பேசுகிறவர் ஒருவரை நடுவில் வைத்து, மரோட்ஸியின் ஆவிக்கும் கிராண்ட்மாஸ்டர் விக்டர் கோர்ச்னாய்க்கும் ஒரு ஆட்டம் ஏற்பாடு செய்தார்கள். எட்டு வருடம் நடந்தது. கடைசியில் கோர்ச்னாய் ஜெயித்தார். எனக்கு ஆவியில் நம்பிக்கை கிடையாது, அந்தத் தோல்வியை மரோட்ஸி கணக்கில் எழுதவும் மாட்டேன். ஆனால் 1908ல் முடிந்துபோன ஒருவரை 1985ல் எவன் தேடுவான்?

கடைசியாக 1931 ப்ளெட் போட்டி. எதிரணி குறித்து வைத்திருக்கிறது, நானும் குறித்து வைத்திருக்கிறேன். 14 பேர், இரட்டைச் சுற்று, ஆளுக்கு 26 ஆட்டம். மரோட்ஸி பதினோராவது. பதினோராவது, பதினோராவது என்று அக்கா மூன்று தடவை சொன்னார், கீழே கொஞ்சம் சிரிப்பும் வந்தது. அந்த அட்டவணையைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அலெகைன் 20.5 எடுத்து யாரும் எட்ட முடியாத தூரத்தில் நிற்கிறார், அவரை விடுங்கள். இரண்டாவது வந்த போகோல்யூபோவ் 15. நிம்சோவிச் 14. அதற்குக் கீழே ஃப்ளோர், காஷ்டன், ஸ்டோல்ட்ஸ், விட்மர் நாலு பேரும் 13.5. டார்டாகோவர் 13. கோஸ்டிச்சும் ஸ்பீல்மனும் 12.5. மரோட்ஸி 12. இரண்டாம் இடத்துக்கும் பதினோராம் இடத்துக்கும் நடுவில் 26 ஆட்டத்தில் மூன்றே மூன்று புள்ளி. மரோட்ஸிக்கு அப்போது 61 வயது. ஃப்ளோரும் காஷ்டனும் அவருக்குப் பேரன் வயது இல்லை என்றாலும் மகன் வயது. அக்கா இடத்தை எண்ணினார், புள்ளியை எண்ணவில்லை.

1936 மியூனிக் அணிப் போட்டியைப் பற்றி நான் பேசவில்லை. 66 வயதில் அவர் எந்த போர்டில் ஆடினார், ஹங்கேரி 110.5 புள்ளி எடுத்து போலந்தை எப்படித் தாண்டியது, அந்த அணியில் இருந்த ஸ்டைனர் சகோதரர்கள் யார், ஹிட்லரின் ஜெர்மனியில் அவர்கள் ஆடி ஜெயித்தது என்ன விஷயம் என்பதெல்லாம் எங்கள் அணியில் எனக்கு அடுத்துப் பேச வருபவரின் பங்கு. அவர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்திருக்கிறார், அதை நான் பிடுங்கக் கூடாது. எதிரணி அதற்குள் 1902 பட்டியலை இன்னொரு முறை வாசிக்க வேண்டுமென்றால் வாசித்துக்கொள்ளட்டும். வணக்கம்.