அம்மாவின் தோடு வீட்டுக்கு வந்துவிட்டது

வணக்கம் மக்களே. இன்றைக்குச் சமையலும் இல்லை, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையும் இல்லை. இதைப் பாருங்கள், கொஞ்சம் கிட்டக் கொண்டுவருகிறேன். சிவப்புக்கல் தோடு. அம்மாவுடையது. 2020 மே மாதம் ஹட்டன் டவுனில் அடகு வைத்தது. நேற்றுத்தான் மீட்டேன்!

இதை வீடியோவாகப் போடும் யோசனையே இல்லை. போன கிழமை கொழும்பிலிருந்து வந்த ஒருவர் எங்கள் தேயிலைத் தோட்டத்து வீட்டு இஸ்தோப்பில், அதுதான் முன் திண்ணையில், உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே, "கொரோனாவில் நாங்கள்தான் செத்தோம், தோட்டத்தில் வேலை நிற்கவே இல்லையே, உங்களுக்கு என்ன குறை?" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

வேலை நிற்கவில்லை, உண்மைதான். 2020 மார்ச் 20 இலங்கை முழுக்க ஊரடங்கு வந்தது. அதற்குள்ளும் அம்மா மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்தார். ஆனால் லயத்து வீடு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, மலைச் சம்பளத்தில் மட்டுமா ஓடுகிறது? அப்போது அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 700 ரூபாய். எங்கள் லயத்தில் பாதி வீட்டுப் பிள்ளைகள் கொழும்பில் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் கடைகளில் நின்றார்கள். எங்கள் வீட்டில் அது நான். நான் புடவைக் கடையில் நின்ற கதை பழைய ஆட்களுக்குத் தெரியும். மாதம் நான் அனுப்பும் 15,000 ரூபாயில்தான் மளிகைக் கடைக் கொப்பியில் எழுதிய கடன் அடைபடும். ஊரடங்கோடு கடையைப் பூட்டினார்கள், அரை மாதச் சம்பளம் தந்தார்கள், அவ்வளவுதான். காசு அனுப்பிக்கொண்டிருந்தவள் வீட்டில் இன்னொரு சாப்பாட்டுத் தட்டு ஆனேன்.

அரசாங்கம் கொடுத்த 5,000 ரூபாயும் எங்களுக்கு வரவில்லை. சம்பளம் வருகிற வீடாம். லிஸ்ட் எடுத்தவர் அப்படித்தான் சொன்னார். கந்தப்பளையில் மாமா வீட்டில் கரட்டும் லீக்ஸும் எடுக்க லொறி வராமல் தோட்டத்திலேயே அழுகின.

சரி, தோட்டுக்கு வருகிறேன். அடகு வைத்தது 30,000 ரூபாய்க்கு. வட்டி மாதம் 600. 62 மாதம்! 37,200 ரூபாய் வட்டி மட்டும். நேற்று அந்தக் கடை மேசையில் வைத்தே போனில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், கை நடுங்கியது. 2022-ல் பவுன் விலை ஏறியபோது எல்லோரும் விற்கச் சொன்னார்கள். அம்மா ஒரே பிடியாக மாட்டேன் என்றுவிட்டார், அவருடைய அம்மா போட்ட தோடு அது.

ஐயோ, எதற்காக வைத்தோம் என்று சொல்லவே இல்லையே! தம்பிக்கு போன் வாங்க. பள்ளிக்கூடம் பூட்டி, பாடமெல்லாம் வாட்ஸ்அப்பில் வர ஆரம்பித்தது. அவன் சாதாரண தரப் பரீட்சை எழுதவேண்டிய பிள்ளை. போனுக்கு 18,000, மிச்சம் கடைக் கொப்பிக்கு. சிக்னல் தண்ணீர் டேங்குக்கு மேலே உள்ள பாறையில்தான். மழையில் ஒரு கையில் குடை, ஒரு கையில் போன் என்று நிற்பான்.

ஏன் இவ்வளவு காலம் என்று கேட்பீர்கள். 2021 மார்ச்சில் நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆனது, நல்லது. ஆனால் எங்கள் தோட்டத்தில் அதோடு நாளுக்கு 20 கிலோ கொழுந்து கேட்டார்கள், குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்தான். அதே வருடம் அரசாங்கம் இரசாயன உரத்தை நிறுத்தியது, உரம் இல்லாத செடியில் 20 கிலோவுக்கு எங்கே போவது? அப்புறம் 2022-ல் பொருளாதார நெருக்கடி வந்தது. மாவும் சமையல் காஸும் இல்லாமல் வரிசையில் நின்றது எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் வட்டி மட்டும் கட்டியதே பெரிது.

நேற்று இன்னொரு தொல்லை. அடகுத் துண்டைக் காணோம். துண்டு இல்லாவிட்டால் பொலிஸில் முறைப்பாடு போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். பஸ் ஏறித் திரும்பி வந்து வீட்டையே கவிழ்த்தேன். கடைசியில் மாரியம்மன் படத்துக்குப் பின்னால், எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. திரும்ப ஓடி, கடை பூட்டப் பத்து நிமிடம் இருக்கும்போது வாங்கிவிட்டேன். ஒரு திருகாணி மட்டும் இல்லை, அது எனக்குப் பிடிக்கவே இல்லை. சண்டை போட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை.

பழைய வீடியோக்களில் அம்மா காதில் என்ன குச்சி என்று நிறையப் பேர் கேட்டீர்களே, அது ஈர்க்கு. துளை தூர்ந்துவிடக் கூடாது என்று ஐந்து வருடமாகப் போட்டிருந்தார். இன்னும் அவருக்கு விஷயம் தெரியாது. இப்போது கொழுந்து நிறுக்கிற நேரம். அந்தா, கீழே ரோட்டில் கூடைகள் தெரிகின்றன. இருங்கள், கேமராவை இஸ்தோப்பில் வைக்கிறேன்.