மார்னிங்டனில் மூன்று நாள்: கோல்ஃப், சாப்பாடு, வைன் பற்றி ஒரு நேயரின் கேள்வி

வணக்கம். சென்னையிலிருந்து ஒரு நேயர் எழுதியிருக்கிறார். அவர் கேள்வியைப் படித்துவிடுகிறேன்: "கிண்டியில் வாரம் ஒருமுறை கோல்ஃப் ஆடுகிறேன். ஹேண்டிகேப் 20, அதாவது சுமாரான ஆட்டக்காரன். மார்ச் மாதம் நானும் மனைவியும் மெல்போர்னில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். அங்கிருந்து மூன்று நாள் மார்னிங்டன் தீபகற்பத்துக்குப் போய், ஆட்டமும் நல்ல சாப்பாடும் வைனுமாக இருந்துவிட்டு வர ஆசை. மனைவி ஆடுவதில்லை, சைவம் வேறு. ஐந்து மைதானங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். எந்த வரிசையில் ஆடலாம்? திரும்பும்போது வைன் வாங்கி வரலாமா?"

ஐயா, வரிசை சொல்வதற்கு முன் அந்த ஐந்தில் மூன்றைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். இரண்டு ஆட்டம் போதும். உங்கள் ஆசையைக் குறைப்பதற்காகச் சொல்லவில்லை. அங்கே 18 குழி ஆடுவது மணல்மேடுகளில் ஏறி இறங்கி நான்கு மணி நேரத்துக்கு மேல் நடப்பது. நாளுக்கு இரண்டு ஆட்டம் என்று வைத்தால், சாயங்காலம் கால் வலியோடு எதையோ வாயில் போட்டுக்கொண்டு படுத்துவிடுவீர்கள். அந்த ஊரின் நல்ல சமையலோ பெரும்பாலும் மதியத்துக்கானது. திராட்சைத் தோட்டங்களுக்குள் இருக்கும் உணவகங்கள் மதியச் சாப்பாட்டை வைத்தே நடக்கின்றன. பல இடங்களில் திங்கள், செவ்வாயில் அடுப்பே எரியாது. ஆகவே முதலில் மேசையைப் பதிவு செய்யுங்கள், அதற்குப் பிறகு டீ டைம், அதாவது ஆட்டம் தொடங்கும் நேரம். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் செய்து, இரண்டு நாள் மதியமும் ரொட்டிக்கடையில் வாங்கிக் காரில் வைத்துச் சாப்பிட்டேன்.

இப்போது ஆட்டத்துக்கு வருகிறேன். மெல்போர்ன் நகரத்திலிருந்து காரில் ஒன்றேகால் மணி நேரத்தில் இந்தத் தீபகற்பத்தின் நடுப்பகுதிக்கு வந்துவிடலாம். ஒரு பக்கம் போர்ட் ஃபிலிப் விரிகுடா, மறுபக்கம் வெஸ்டர்ன் போர்ட், தெற்கே பாஸ் நீரிணை. அந்தத் தெற்குக் கடலோரம் முழுக்க மணல்மேடுகள். மழை பெய்தால் தண்ணீர் நிற்காது, தரை இறுகி இருக்கும். கிண்டியில் பந்து விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும் என்று பழகியிருப்பீர்கள். இங்கே விழுந்த பிறகுதான் பந்தின் பயணமே தொடங்குகிறது. குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்ற புல்தரைக்கு முப்பது அடி முன்பாக விழவிட்டு உருட்டிக் கொண்டுபோக வேண்டும். கடற்காற்று எதிரே அடித்தால் உயரமாக அடித்த பந்து திரும்பி வருவதுபோல் இருக்கும். தாழ்வாக, அவசரமில்லாமல் அடிக்கப் பழகிக்கொள்ளுங்கள். கிண்டியிலேயே அரை வீச்சில் பந்தைத் தாழ்வாக அனுப்பிப் பாருங்கள்.

உங்கள் பட்டியலில் நான் வைத்துக்கொள்வது முதலில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பீச். அமெரிக்கர் டாம் டோக் வடிவமைத்தது, யார் வேண்டுமானாலும் பணம் கட்டி ஆடலாம். மண்ணை அதிகம் புரட்டாமல், மணல்மேடு கிடந்தபடியே கிடக்க அதன் மேல் ஆட்டத்தை விரித்திருக்கிறார். பந்தை அடித்துக்கொண்டு போகும் புல்பாதையான ஃபேர்வே அகலம், ஆகையால் உங்களைப் போன்ற ஆட்டக்காரர் பந்தைத் தேடியே நாளைக் கழிக்க வேண்டியதில்லை. எந்தப் பக்கம் அடித்தால் அடுத்த அடி சுலபம் என்று ஒவ்வொரு குழியிலும் யோசிக்க வைக்கும். எனக்கு அந்தத் தீபகற்பத்தில் மிகப் பிடித்த இடம் அதுதான்.

இரண்டாவது, மூனா லிங்க்ஸ். அங்கே இரண்டு மைதானங்கள். ஓப்பன் மைதானம் பீட்டர் தாம்சன் வடிவமைப்பு; 2003இலும் 2005இலும் ஆஸ்திரேலிய ஓப்பன் அங்கே நடந்தது. தாம்சன் பிரிட்டிஷ் ஓப்பனை ஐந்து முறை வென்றவர். 1964இல் முதன்முதலாக நடந்த இந்தியன் ஓப்பனை வென்றவரும் அவர்தான். இந்தியாவுக்கு வந்து ஆடி, ஆசியாவில் இந்த ஆட்டம் வேரூன்ற உழைத்த மனிதர் என்பதால் அவர் மைதானத்தில் கால்வைக்க எனக்குத் தனி மரியாதை உண்டு. ஆனாலும் உங்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். தொழில்முறை ஆட்டக்காரர்களைச் சோதிக்க நீளமாகக் கட்டியது. பக்கத்திலேயே இருக்கும் லெஜண்ட்ஸ் மைதானத்தில் ஆடுங்கள், மூனா மரங்களுக்கு நடுவே மகிழ்ச்சியாக ஆடிவிட்டு வரலாம். நீங்கள் குறித்திருக்கும் தி நேஷனல் உறுப்பினர்களுக்கான கழகம். அழைத்துப்போக ஆள் இல்லாமல் அதற்காக நேரம் செலவிட வேண்டாம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்போல் அங்கே பையைச் சுமக்கும் கேடி வரமாட்டார். பையைத் தள்ளுவண்டியில் நீங்களே இழுக்க வேண்டும், பங்கர் என்ற மணல்குழியில் உங்கள் காலடியை நீங்களே சமன் செய்ய வேண்டும், பெயர்ந்த புல் இருந்த பள்ளத்தில் மணலையும் நீங்களே நிரப்ப வேண்டும். இன்னொன்று, ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது காலணியில் மண் ஒட்டியிருக்கக் கூடாது. ஆணி இடுக்கு, மட்டைத் தலை எல்லாவற்றையும் பல்துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். இறங்கும்போது கொடுக்கும் வருகைப் படிவத்தில் இவற்றை மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் மனைவி நீங்கள் ஆடும் நான்கு மணி நேரம் என்ன செய்வார்? இதைக் கேள்வியில் நீங்கள் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். மூனா லிங்க்ஸ் இருக்கும் ஃபிங்கல் பகுதியிலேயே பெனின்சுலா ஹாட் ஸ்பிரிங்ஸ் இருக்கிறது. பூமிக்குள் 600 மீட்டருக்கும் ஆழத்திலிருந்து வரும் வெந்நீரைக் குளம் குளமாகத் தேக்கி வைத்திருக்கிறார்கள். அவருக்கும் காலை நேரத்துக்கே பதிவு செய்துவிடுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் பசியோடு வெளியே வருவீர்கள்.

அப்படியானால் நாள்கள் இப்படி அமையட்டும். வியாழன் காலை மெல்போர்னிலிருந்து கிளம்பி, பத்து மணி சுமாருக்கு லெஜண்ட்ஸ். வெள்ளி காலை ஏழரைக்கு செயின்ட் ஆண்ட்ரூஸ் பீச், பிறகு குளித்துவிட்டு ரெட் ஹில் மேட்டுக்கு ஏறுங்கள், அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒன்றரை மணிக்கு மொன்டால்டோ என்ற தோட்டத்து உணவகத்தில் மேசை. அங்கே சொந்தக் காய்கறித் தோட்டம் வைத்துச் சமைக்கிறார்கள். பதிவு செய்யும்போதே "இறைச்சியோ மீனோ வெந்த சாறும் வேண்டாம்" என்றும், முட்டை வேண்டுமா வேண்டாமா என்றும் தெளிவாகச் சொல்லுங்கள். வெறும் சைவம் என்றால் கோழிச் சாற்றில் வெந்த காய் வரக்கூடும். நீங்கள் அசைவமானால் ஃபிளிண்டர்ஸ் கடலில் வளர்க்கும் மட்டியை எங்கே கண்டாலும் விடாதீர்கள். சனிக்கிழமை ஆட்டமே வேண்டாம், அன்று கழகங்களில் உறுப்பினர் போட்டிகள் நடக்கும். பாயின்ட் லியோ எஸ்டேட்டில் சிற்பங்களுக்கு நடுவே நடந்து, நிதானமாகச் சாப்பிட்டு, வீடு திரும்புங்கள்.

வைன் விஷயத்தில் இந்த ஊரின் பெருமை பினோ நுவார் என்ற சிவப்பு வைன், அடுத்து ஷார்டனே என்ற வெள்ளை வைன். மூன்று பக்கமும் கடல் இருப்பதால் வெயில் தணிந்தே இருக்கும், பழம் மெல்லப் பழுக்கும். பினோ நுவாரின் நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். நாவல்பழச் சாறுபோல் கறுத்திருக்காது, கண்ணாடியின் மறுபக்கம் விரல் தெரியும். காளான் சமையலோடு குடித்துப் பாருங்கள், உங்கள் மனைவியும் பங்கெடுக்கலாம். மெயின் ரிட்ஜ் எஸ்டேட் 1975இல் தொடங்கியது, அந்தத் தீபகற்பத்தின் முதல் வணிக வைன் ஆலை. டென் மினிட்ஸ் பை டிராக்டர் என்று ஒன்று. மூன்று குடும்பத் தோட்டங்கள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு டிராக்டரில் பத்து நிமிடம் என்பதால் அந்தப் பெயர். நீங்கள் போகும் மார்ச் மாதம் அறுவடைக் காலம். கொடியில் பழத்தோடு தோட்டத்தைப் பார்ப்பீர்கள்.

ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். வைன் ஆட்டத்துக்குப் பிறகுதான், குடித்தவர் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. விக்டோரியாவில் ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதம் என்பது எல்லை. 150 மில்லி ஒரு கோப்பை, 13.5 சதவீத வைன் என்றால் 16 கிராம் ஆல்கஹால். மூன்று தோட்டங்களில் "கொஞ்சம்தானே" என்று ருசித்தால் கணக்கு எங்கோ போய்விடும். மகளோ மனைவியோ குடிக்காமல் ஓட்ட வேண்டும், இல்லையேல் ஓட்டுநரோடு வண்டி அமர்த்துங்கள். ருசி பார்க்கும் இடத்தில் துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள். கூச்சப்படாமல் துப்புங்கள், வைன் செய்பவர்களும் அப்படித்தான் ருசிக்கிறார்கள்.

கடைசிக் கேள்வி, வாங்கி வருவது. இந்தியாவுக்குள் ஒருவருக்கு இரண்டு லிட்டர் மது வரியில்லாமல் கொண்டுவரலாம். 750 மில்லி புட்டி இரண்டு வாங்கினால் ஒன்றரை லிட்டர், மூன்றாவது புட்டி எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே உங்களுக்கு இரண்டு, மனைவிக்கு இரண்டு. கோல்ஃப் பையில் மட்டைகளுக்கு நடுவே திணிக்காதீர்கள், உடையும். பெட்டியின் நடுவில் துணி சுற்றி வையுங்கள். சென்னை வெயிலில் வெளியே வைக்காமல், வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் படுக்க வையுங்கள்.